யானை இன்னும் தும்மவில்லை

மத்தியான வெயிலில் இரும்பு பீரோவைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? தோசைக்கல் சுடும், அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, சுடுவதற்கென்றே அடுப்பில் ஏறியது அது. பீரோ அப்படியல்ல. சேலையும் வேட்டியும் குழந்தையின் குட்டிச் சட்டைகளும் வைக்கிற சாமான், ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு நிற்கிற சாமான், அது சுட்டால் மனசுக்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறது என்றுதான் தோன்றும். தூளியை ஆட்டிவிட்டுத் திரும்பிய இளவஞ்சியின் புறங்கை அதில் பட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். பிறகு நம்பாமல் மறுபடியும் தொட்டாள். வெயில்தான், வேறென்ன. தலைக்கு மேலே சிமெண்ட் சீட்டு, தாராபுரத்துச் சித்திரை, போதாததற்கு மாதத்துக்கு ஒரு தடவை கரண்டை நிறுத்திக் கம்பியில் உரசுகிற கிளையை வெட்டுகிற நாள் இன்றைக்கு. காலையிலேயே ஃபேன் நின்றுவிட்டது. புழுதிக் காற்றுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தியிருந்தாள். நறுமுகை தூங்கிவிட்டாள். இந்த வீட்டில் இன்றைக்கு நடந்த பெரிய காரியம் அதுதான். பல் முளைக்கிற காய்ச்சல், ராத்திரி முழுக்கத் தோளில், விடிந்தும் தோளில், இறக்கினால் அழுகை, ஏற்றினால் இன்னும் கொஞ்சம் அழுகை. கடைசியில், அம்மாவின் சோறு தட்டில் ஆறி வறண்டுபோன நேரத்தில், பழைய நூல் சேலைத் தூளிக்குள் கட்டை விரல் வாயிலும் மற்ற விரல்கள் மூக்கின் மேலுமாகத் தோற்றுப்போய்க் கண்ணை மூடினாள். இனி இந்த வீட்டில் ஒரு டம்ளர் உருளக் கூடாது. தூங்குகிற குழந்தை இருக்கிற வீட்டில் பெற்றவள் திருடி மாதிரிதான் நடமாட வேண்டும், சொந்த வீட்டிலேயே திருடி. இளவஞ்சிக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் அதை மூக்கு வழியாக விட்டாள். விட்டதைத் திரும்ப இழுத்தபோதுதான் அந்த வாடை ஏறியது.

என்ன வாடை இது. மாவு பொங்கியிருக்கும், இந்தச் சூட்டுக்குக் காலையில் ஆட்டின மாவு மத்தியானத்துக்குள் பாத்திரத்தை விட்டு நடந்தே வந்துவிடும். பூனை நடை நடந்து சமையல் கட்டுக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். மாவு பாதிதான் ஏறியிருந்தது. அதன் புளிப்பு நல்ல புளிப்பு, பசியைக் கிளப்புகிற புளிப்பு. இது அதில்லை. ஈரத் துணியா, வாளியில் நனைத்த குழந்தைத் துணியா, அதுவும் அலசிக் கொடியில் போட்டாச்சு. பல்லி எங்காவது செத்துக் கிடக்கிறதா. செத்த பல்லி வாடைக்கு ஒரு இனிப்பு உண்டு. இதற்கு இனிப்பு இல்லை. புருசன் தர்மராசு பழைய பேட்டரியை உடைத்த நாளில் அவன் சட்டையில் வரும் ஒரு நெடி, மூக்குக்குள் ஊசி இறங்கின மாதிரி, அந்தச் சட்டையை மட்டும் தனியாக ஊற வைப்பாள். அதுவேதான் என்று சொல்ல முடியவில்லை, அதற்குத் தங்கச்சி மாதிரி. அவன் சட்டை இங்கே இல்லை. அவன் போட்டுக்கொண்டு கரூர்ப் பக்கம் லோடு எடுக்கப் போய்விட்டான். அப்படியானால் சட்டையிலிருந்து வரவில்லை. தூளிப் பக்கம் திரும்பி வந்தாள். சமையல் கட்டில் இல்லாத வாடை இங்கே இருந்தது. தூளிக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு ஆள் திரும்பிப் படுக்கிற இடம்தான், இளவஞ்சி ராத்திரி பாய் போடுகிற இடம். அங்கே நின்றால் வாடை இருந்தது. ஒரு அடி தள்ளி நின்றால் இல்லை. மறுபடியும் வந்து நின்றால் இருந்தது. மூக்கு பழகிவிட்டதா, வாடை ஓடி ஒளிந்து விளையாடுகிறதா. பாச்சை உருண்டையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நேற்று அவள்தானே உள்ளே ஒரு பிடி அள்ளிப் போட்டாள், யானைக்கு.

பீரோவுக்குள் யானை இருந்தது. நினைக்கும்போதே யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது, ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. தர்மராசு பழைய இரும்பு, பேப்பர் எடுக்கிற வியாபாரம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பழைய தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள் என்று அங்கே போய்க் கம்பி, நாற்காலிச் சட்டம், தகரம் என்று அள்ளிக்கொண்டு வந்ததில் ஒரு வட்டத் தகர டப்பாவும் வந்தது. முறுக்கு டப்பா அளவு, துருப்பிடித்து, மூடி கொஞ்சம் மேலே உப்பி, கையில் பிடித்தால் ஒரு பக்கம் கனம் கூடின மாதிரி. உருக்குகிற பிளாஸ்டிக்கோடு போடப் போனவனைத் தடுத்தது இவள்தான். திறந்து, உள்ளே இருந்த சினிமாச் சுருளை ஒரு முழம் இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு யானை. கோயில் யானை, நெற்றியில் நாமம், கழுத்தில் மணி. எல்லாக் கட்டத்திலும் ஒரே யானைதான், ஆனால் நிதானமாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வயிறு ஒரு நூல் பெரிதாகிக்கொண்டே போயிற்று. நறுமுகையைத் தூக்கிக் காட்டினாள். பல் இல்லாத வாயைத் திறந்து பாப்பா சிரித்த சிரிப்பில்தான் அந்த டப்பா இந்த வீட்டுச் சாமானாயிற்று. தர்மராசு போட்டோ எடுத்துப் பழைய சாமான் வியாபாரிகள் குரூப்பில் போட்டான். யாரும் கண்டுகொள்ளவில்லை. நேற்றுச் சாயந்தரம் கோயமுத்தூரிலிருந்து நந்தகோபன் என்று ஒருத்தர் கூப்பிட்டார். தர்மராசு குளித்துக்கொண்டிருந்ததால் போனை எடுத்தது இளவஞ்சி. வயசான குரல், ஆனால் அவசரம் மட்டும் சின்னப் பையனுடையது.

"அம்மா, அந்த யானை மூக்குப்பொடியில மாட்டிக்கிற படமா அது? பாகன் பொடி மட்டையைத் தவற விடுவானே?"

"பொடியெல்லாம் தெரியலைங்க சார். வயிறு உப்பிக்கிட்டே போகுது."

"அதேதான்! அதேதாம்மா!" என்றார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்றுகூட இளவஞ்சிக்குச் சந்தேகம் வந்தது.

அப்புறம் அவர் சொன்ன கதை இருக்கிறதே. சாமி ஊர்வலத்தில் பாகனுடைய மூக்குப்பொடி யானையின் தும்பிக்கைக்குள் போய்விடுகிறது. தும்மினால் தேர், பந்தல், ஊர் எல்லாம் பறந்துவிடும். அதனால் ஊரே கூடி அதைத் தும்மவிடாமல் பார்த்துக்கொள்கிறது. தும்பிக்கையில் முடிச்சுப் போடுகிறார்கள், நாதஸ்வரக்காரர் தாலாட்டு வாசிக்கிறார், போலீஸ்காரர் லத்தியைக் காட்டி மிரட்டுகிறார், ஐயர் தும்பிக்கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தொங்குகிறார். யானை அடக்குகிறது, அடக்குகிறது, வயிறு உப்புகிறது. பெரிய படம் தொடங்கும் முன்னால் டெண்டுக் கொட்டகைகளில் போடுவார்களாம், முழுக்கக் கையால் வரைந்தது, அது விடுகிற ஒவ்வொரு மூச்சையும் யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து தனித்தனியாக வரைந்திருக்கிறான், அவன் பேர்கூட யாருக்கும் தெரியாது. இவரைப் போலப் பழைய படம் சேர்க்கிறவர்கள் சிலரிடம் அது துண்டு துண்டாக இருக்கிறதாம். ஆனால் எல்லார் துண்டும் தும்மலுக்கு முன்னாலேயே அறுந்துபோனவை. ஏன் தெரியுமா. யானை தும்முகிற இடம் வந்ததும் ஜனம் ஒன்ஸ் மோர் என்று கூப்பாடு போடுமாம், ஆபரேட்டர் திருப்பித் திருப்பி ஓட்டுவாராம், ஓட்டி ஓட்டி அந்த இடம் தேய்ந்து அறுந்து குப்பைக்குப் போய்விட்டது. ஜனம் சிரித்தே தின்றுவிட்ட இடம். "உங்ககிட்ட இருக்கிறது கனமா இருக்குன்னா, தும்மல் அதுல இருக்கலாம்மா" என்றார். நாளைக்கே வருகிறேன் என்றார். வளர்ந்த மனுசன் ஒரு யானைத் தும்மலுக்காகக் கோயமுத்தூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருவாரா என்று இவளுக்கு வேடிக்கை. "நீங்க சின்ன வயசுல பார்த்தீங்களா சார்?" என்று கேட்டாள். "பார்த்தேன். தும்மலை மட்டும் பார்க்கலை. கொட்டகையே சிரிச்சுது, நான் பயந்து எங்கம்மா மடியில முகத்தைப் பொதைச்சுக்கிட்டேன். தலையைத் தூக்கினப்போ வெள்ளைத் திரைதான் இருந்தது." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் அவசரம் இல்லை.

டொக். பீரோ. இளவஞ்சியின் தோள் தூக்கிப் போட்டது. பார்வை முதலில் தூளிக்குப் போயிற்று, துணி அசையவில்லை, அப்புறம்தான் பீரோவுக்கு வந்தது. தகரம் சூட்டில் விரிகிற சத்தம், தினமும் கேட்கிற சத்தம்தான், சீட்டுக் கூரைகூட இப்படித்தான் டொக்கு டொக்கென்று பேசும். தினமும் கேட்கிற சத்தம் என்றால் தோள் ஏன் தூக்கிப் போட்டது. பீரோக் கண்ணாடியில் இன்னொரு தூளி தொங்கியது, அதற்குள்ளும் ஒரு குழந்தை, அதன் பக்கத்தில் கலைந்த தலையோடு ஒருத்தி. கண்ணாடிக்குள் இருந்த தூளி பீரோவுக்கு உள்ளேயே தொங்குகிற மாதிரி இருந்தது. பார்க்காதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டு கண்ணாடி மேல் ஒரு துண்டை எடுத்துப் போட்டாள். துண்டு போட்டதும் கைப்பிடி மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்தது, வளைந்து, தும்பிக்கை மாதிரி. சீ, நல்ல கற்பனை. பள்ளிக்கூடத்தில் இந்தக் கற்பனை இருந்திருந்தால் கட்டுரையில் நாலு மார்க் கூட வாங்கியிருக்கலாம்.

வாடை இருந்தது. இப்போது ஒரு அடி தள்ளி நின்றாலும் இருந்தது. திறந்து பார்த்துவிட்டால் தீர்ந்தது. திறக்க முடியாது, சாவி இல்லை. சாவி இல்லாதது யாருடைய கெட்டிக்காரத்தனம் என்று கேட்டால் அவளுடையதுதான். நந்தகோபன் கூப்பிட்ட சேதி குரூப்பில் எப்படியோ கசிந்து, ராத்திரிக்குள் இரண்டு வியாபாரிகள் தர்மராசுவுக்குப் போன் போட்டுவிட்டார்கள், காலையில் வந்து பார்க்கட்டுமா என்று. "வந்து நின்னா என்ன பண்றது, இல்லைன்னு சொல்லவா?" என்று அவன் தலையைச் சொறிந்தான். இளவஞ்சிக்குப் பொய் வராது, வந்தாலும் முகத்தில் நிற்காது. "பொய் எதுக்குங்க? பீரோவுல வெச்சுப் பூட்டிருவோம். சாவியை நீங்க எடுத்துட்டுப் போயிருங்க. யார் வந்து கேட்டாலும் சாவி எங்கூட்டுக்காரர்கிட்ட இருக்குதுன்னு சொல்லிப்போடறேன், நெசந்தானே?" அவன் மெச்சிக்கொண்டான். "அடி கெட்டிக்காரி, உன்னைய வியாபாரத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்." சாவி அவன் இடுப்புக் கயிற்றில் ஏறிக் கரூருக்குப் போயிற்று. கெட்டிக்காரி. நேற்றிலிருந்து அந்த வார்த்தையை வெல்லத்துண்டு மாதிரி வாயில் ஒதுக்கி வைத்திருந்தாள். இப்போது அது கரையாமல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

நந்தகோபன் சார் பத்திரமா வைங்க என்றுதான் சொன்னார். பத்திரமாகத்தானே வைத்திருக்கிறது. இதைவிடப் பத்திரம் எங்கே. நகை வைக்கிற இடம், கல்யாணச் சேலை வைக்கிற இடம். ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் "நீங்களும் பத்திரமா இருங்கம்மா" என்றாரே, அது எதற்கு. நான் என்ன திருடு போகிற சாமானா என்று அப்போது சிரித்துக்கொண்டாள். ரோட்டைப் பார்த்துப் பத்திரமா போ என்கிறோம். கிணற்றங்கரையில் பத்திரம் என்கிறோம். அது பூட்டி வைக்கிற பத்திரம் இல்லை. அவர் எந்தப் பத்திரத்தைச் சொன்னார். காற்று சுழற்றியடித்த சாயந்தரம், காற்றாலைப் பக்கம் டவர் எப்போதும் பாதி வார்த்தையைத் தின்றுவிடும். நைட்ரேட் படம்மா அது, பழசு, என்று ஒன்று சொன்னார். நைட்ரேட் என்றால் இவளுக்குத் தெரியாதா. அப்பாவோடு சொசைட்டிக்குப் போய் உர மூட்டைக்கு வரிசையில் நின்றவள். அதற்கப்புறம் அவர் சொன்னது காத்துப் பட, அப்புறம் ஒரு கரகரப்பு, அப்புறம் வைங்க. காத்துப் படாம வைங்க. ஆமாம், உரத்துக்கு அதுதானே. காற்றுப் பட்டால் உரம் கசிந்து தண்ணீர் விட்டுவிடும், அப்பா மூட்டை வாயைச் சுருட்டிச் சுருட்டிச் சணலால் இறுக்குவார். "சரிங்க சார், பத்திரமா வெச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு, டப்பாவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி, முடிச்சுப் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு, அதற்கும் முடிச்சுப் போட்டு, கம்பளிக்கு நடுவில் வைத்து, பாச்சை உருண்டையும் போட்டு, எவ்வளவு அழகாகச் செய்தாள். முடிச்சு. ஊர் கூடித் தும்பிக்கையில் போட்ட முடிச்சு.

அதை நினைக்காதே, அது படம். வேறு எதையாவது நினை. சாயந்தரம் கரண்ட் வந்ததும் சட்னி அரைக்க வேண்டும். பாப்பாவுக்கு இரண்டாவது பல்லும் கீழேதான் வரும் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு ரெஜினா அக்காவின் முருங்கை பூத்துவிட்டது, கேட்டால் அக்கா ஒரு பிடி பறித்துக்கொள்ளச் சொல்லும். முந்தாநாள் வெந்நீர் அடுப்பு. வேண்டாம், அதை ஏன் இப்போது. முந்தாநாள் பாப்பா குளிக்க வெந்நீர் அடுப்பை மூட்டியபோது, படத்தின் நுனியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டைக் கிள்ளியெடுத்து, டீ நிறத்தில், பாகு மாதிரி விரலில் ஒட்டியது அது, அடுப்பில் போட்டாள். போட்டாளா, அடுப்பு வாயிலிருந்து ஒரு நாக்கு வெளியே வந்து அவள் முழங்கை ரோமத்தை நக்கிவிட்டு உள்ளே போயிற்று. புஸ்ஸென்று ஒரு சத்தம். மண்ணெண்ணெய் ஊற்றினால்கூட அப்படி வராது. தண்ணீர் ஊற்றினாள், தண்ணீருக்குள்ளும் ஒரு நொடி எரிந்த மாதிரி இருந்தது, கண்ணின் மயக்கம் என்று விட்டுவிட்டாள். ரெஜினா அக்காவிடம் கையைக் காட்டி, "பாருங்கக்கா, எங்கூட்டு யானை எனக்கு முத்தம் கொடுத்துருச்சு" என்று சொல்லி இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். எரிகிற சாமான் என்று தெரிந்ததால்தானே அடுப்புப் பக்கம் வைக்காமல் தள்ளி வைத்தாள். தள்ளி, பீரோவில், பூட்டி. நெருப்பு இல்லாத இடத்தில் எது எரியப் போகிறது. யார் கொளுத்தப் போகிறார்கள். கொளுத்த ஆள் இல்லாமல் எதுவும் தானாகப் பற்றிக்கொள்ளுமா.

பற்றிக்கொள்ளும். இந்தப் பதில் அவள் தலைக்குள்ளிருந்து வரவில்லை, உள்ளங்கையிலிருந்து வந்தது. அறுப்பு முடிந்து திடீரென்று மழை பெய்த வருசம், ஈர வைக்கோலை அவசரமாக அடைத்துப் போர் போட்டார்கள். அப்பா தினமும் காலையில் போருக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார். இளவஞ்சியும் விட்டுப் பார்த்திருக்கிறாள். வெளியே பனி, உள்ளே வெந்நீர்ப் பானை மாதிரிச் சூடு. "உள்ளுக்குள்ளயே பொழுங்குது கண்ணு. பிரிச்சுக் காத்தாட விடலைன்னா யாரும் கொள்ளி வெக்க வேண்டாம், அதுவே பத்திக்கும்." அன்றைக்கே ஆள் விட்டுப் போரைப் பிரித்தார்கள், பிரித்த இடத்தில் ஆவி எழும்பியது, ஒரு புளித்த நெடியோடு. நெடியோடு. உர மூட்டையா, வைக்கோல் போரா. நேற்று ஒரு கணத்தில், நைட்ரேட் என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அவள் இதை உர மூட்டை என்று முடிவு செய்துவிட்டாள். வைக்கோல் போராக இருந்தால்? காத்துப் பட, கரகரப்பு, வைங்க. காத்துப் படாம வைங்க. காத்துப் படற மாதிரி வைங்க. வாயைத் திறக்காமல் இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். அந்தக் கரகரப்புக்குள் எது இருந்தது. அஞ்சாம் வகுப்பில் வேண்டாத இடத்தில் துணைக்கால் போட்டதற்கு முட்டி போட்டிருக்கிறாள். பட என்றால் வேறு, படா என்றால் வேறு, ஒரே ஒரு கால், மாட்டுக்குத் தண்ணி ‘காட்ட’ன்னு எழுதச் சொன்னா ‘காட்டா’ன்னு எழுதி வெச்சிருக்கியே, மாடு செத்துப்போயிரும்ல என்று டீச்சர் கேட்டதும் வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், முட்டி போட்டுக்கொண்டே. அவர் குரலைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள். பட, என்றபோது குரல் மேலே போயிற்றா, கீழே இறங்கிற்றா. நினைக்க நினைக்க அவர் குரல் மறைந்து அவளுடைய குரலாகவே கேட்டது, அவளுக்கு வேண்டிய பக்கமெல்லாம் வளைந்தது.

போன் போட்டாள். வாசல் படியில் நின்று, கையால் வாயை மூடிக்கொண்டு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கார் ஓட்டுவார். தர்மராசுவுக்குப் போட்டாள். அவன் எடுத்தான், பின்னால் ஒரே இரும்புச் சத்தம்.

"ஏனுங்க, சாவி."

"இடுப்புல பத்திரமா இருக்குது புள்ளே, கவலைப்படாதே!"

"அதில்லைங்க, வாடை வருது."

"என்னது?"

"வாடை, பீரோவுல இருந்து."

"பீரோவா? பீரோ யாருக்கு வேணுமாம்? இரு, லோடு ஏத்திட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான். அவன் சொன்ன பத்திரமும் காதில் நின்றது.

சாவியோடு வந்து அவன்தான் என்ன செய்வான், திறப்பான். திறந்தால் அடக்கினது வெளியே வரும். திறக்காவிட்டால் இன்னும் அடங்கும். வாசலில் நின்றபடி வீட்டுக்குள் பார்த்தாள். வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே எதுவும் தெரியவில்லை, தூளி மட்டும் வெளுப்பாக. வெறும் பயம் இது என்று ஒரு மனசு சொல்லிற்று. ராத்திரி தூங்காதவளுக்கு எல்லாமே வாடை அடிக்கும். கோழி கூவினால்கூடப் பாம்பு என்று நினைக்கிற நிலைமை. இப்போது தூளியில் கை வைத்தால் அவள் எழுந்துவிடுவாள், எழுந்தால் சாயந்தரம் வரை அழுகை, காய்ச்சல் ஏறும், தூக்கம்தான் மருந்து என்று நர்ஸம்மாகூடச் சொன்னார்கள். ஒரு வாடைக்காகத் தூங்குகிற பிள்ளையை எழுப்பினாளாம் என்று நாளைக்கு அவளே அவளைப் பார்த்துச் சிரிப்பாள். இன்னும் கொஞ்ச நேரம். அந்த சார் வந்துவிடுவார், கேட்டுக்கொள்ளலாம், உரமா வைக்கோலா என்று. இன்னும் கொஞ்ச நேரம் என்றுதான் அந்த ஊரும் யானையிடம் கெஞ்சியிருக்கும். இன்னும் கொஞ்சம் அடக்கு ராசா, சாமி தெருவைத் தாண்டட்டும். டொக். இந்தத் தடவை சத்தம் கூரையிலிருந்து வரவில்லை. தகரம் விரிகிற சத்தம் பளிச்சென்று இருக்கும், இது அமுங்கிக் கேட்டது, கம்பளிக்குள்ளிருந்து, கவருக்குள்ளிருந்து, மூடி ஒரு நூல் மேலே ஏறின மாதிரி. வயிறு ஒரு நூல் பெரிதான மாதிரி. அவள் உள்ளே போனாள். பீரோவை மறுபடி தொட்டுப் பார்த்தாள், ஒரு இடத்தில் இல்லை, அப்பா போருக்குள் கை விட்டுப் பார்த்த மாதிரி இடம் இடமாக. மேல் தட்டு சூடு. கீழ்த் தட்டு சூடு. கம்பளி இருக்கிற நடுத் தட்டின் கதவு, அதற்கு வெயிலே படாது, துண்டு தொங்குகிற நிழல்தான், அங்கே உள்ளங்கை நிற்கவில்லை.

அதற்கப்புறம் அவள் யோசிக்கவில்லை. யோசனை வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது, கைகள் மட்டும் வேலை செய்தன. தூளியின் அடியில் ஒரு கை, பாப்பாவின் பிடரியில் ஒரு கை, வேர்த்து நனைந்த தலை தோளில் விழுந்தது, கட்டை விரல் வாயை விட்டுக் கழன்று மறுபடி உள்ளே போயிற்று. போகிற போக்கில் சமையல் கட்டில் எட்டி கேஸ் வால்வைத் திருகினாள். வாசலைத் தாண்டி, கொடியைத் தாண்டி, தெருவின் அந்தப் பக்கம் வேப்ப மரத்தடி வரைக்கும் நிற்காமல் வந்தாள். செருப்பில்லாத காலில் மண் சுட்டது அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. பாப்பா எழுந்திருக்கவில்லை. எழுந்து அழுதிருந்தாலாவது தேவலை என்று இருந்தது.

"ஏம்புள்ள வஞ்சி, வேகாத வெயில்ல புள்ளையத் தூக்கிட்டு எங்க ஓடறே? உன் யானை வெரட்டுதா?" ரெஜினா அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டியது. சிரிப்பதற்குத் தயாராக இருந்த முகம், இவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைக் கீழே போட்டுவிட்டது.

"அக்கா, உங்க வீட்டுல யாரு இருக்காங்க? வெளிய வந்துருங்க. ஜன்னல் பக்கம் நிக்காதீங்க. ஃபயர் சர்வீசுக்குப் போன் பண்ணுங்க, நான் அப்புறம் சொல்றேன்."

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைக்கா. ஆகறதுக்கு முன்னாடி பண்ணுங்க."

அக்கா போனோடு தெருக்கோடி வரைக்கும் போயிற்று, டவர் கிடைக்கிற இடத்துக்கு. அப்போதுதான் வெள்ளைக் கார் தெருமுனையில் திரும்பியது. மரத்தடியில் நின்றது. ஒட்ட வெட்டின வெள்ளை முடி, இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்து இருக்கையில் வைத்திருந்த ஒரு பெரிய மரப் பெட்டியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு நந்தகோபன் இறங்கினார். பெட்டிக்கு நாலு பக்கமும் ஓட்டை போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் இளவஞ்சிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. காற்றுப் படுகிற மாதிரி.

"நீங்கதானே போன்ல பேசினது? போன் அடிச்சுது, ஓட்டிட்டு இருந்தேன்மா. படம் எங்க வெச்சிருக்கீங்க?"

"பீரோவுல சார். கவர்ல போட்டு, கட்டி, பூட்டி." ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் முகம் ஒவ்வொரு பல்பாக அணைந்தது. "காத்துப் படாம."

"படற மாதிரின்னு சொன்னேனேம்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "வாடை வருதா?"

"வருது. சுடுது."

"உள்ளே யாராவது?"

"யாரும் இல்லை."

யாரும் இல்லை என்று கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அது முழுசாக வந்து உட்காருவதற்கு முன்னால் அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது. திறந்து கிடந்த வாசலைப் பார்த்தார். அந்தப் பார்வையை இளவஞ்சி எங்கோ பார்த்திருக்கிறாள். கொட்டகை வாசலில், டிக்கெட் தீர்ந்த பிறகும் நகராமல் திரைச்சீலை இடுக்கில் கண்ணை வைக்கிற பையன்களின் பார்வை.

"கார்ல கடப்பாரை இருக்கு," என்று தனக்குத்தானே சொல்கிற மாதிரிச் சொன்னார். "நடுத் தட்டுதானே? ஜன்னலைத் திறந்துட்டு, கதவை நெம்பி, தூக்கி வெளியே எறிஞ்சுட்டா. கடைசி ஒரு அடி மிஞ்சினாப் போதும். எழுபது வயசாச்சும்மா எனக்கு. எனக்கென்ன ஆகிடப் போகுது." சொல்லிக்கொண்டே டிக்கியைத் திறந்தார். உள்ளே கிடந்த சாமான்களை அவசரமாக ஒதுக்கினார். தெருக்கோடியில் ரெஜினா அக்கா யாருக்கோ வழி சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து டொக் என்றது. பிறகு உடனே இன்னொரு டொக். வாசல் இருட்டில் மஞ்சளாக ஒரு புகை நூல், ஊதுவத்திப் புகை அளவுகூட இருக்காது, நிலைப்படியைத் தடவிக்கொண்டு வெளியே வந்தது.

இவரைப் பிடித்து நிறுத்த அவளிடம் கையில்லை, இரண்டு கையிலும் பாப்பா. கத்தினால் கேட்கிற ஆளாகவும் தெரியவில்லை. மடியில் முகம் புதைத்த குழந்தை அது, இத்தனை வருசம் கழித்துத் தலையைத் தூக்கிப் பார்க்கப் போகிறது. இளவஞ்சி இரண்டு எட்டு வைத்து அவருக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றாள். தூங்குகிற நறுமுகையைத் தோளிலிருந்து இறக்கி, சூடாக, வேர்வையும் பாலுமாக மணக்கிற அந்தக் கனத்தை, கடப்பாரை பிடிக்கப் போன அவர் கையில் வைத்தாள். அவர் திடுக்கிட்டு வாங்கிக்கொண்டார், வேறு என்ன செய்வார். பாப்பா ஒரு தடவை முகத்தைச் சுளித்து, அவர் சட்டையில் மூக்கைத் தேய்த்து, அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"மெதுவா பேசுங்க சார், எழுந்துக்குவா," என்றாள் இளவஞ்சி. குரல் எங்கோ தூரத்தில் யாருடையதோ மாதிரி இருந்தது. "இங்கயே நில்லுங்க. இந்த மரத்தடியில. எனக்கு அந்தப் படத்தைச் சொல்லுங்க, முதல்ல இருந்து, பாகன் பொடி மட்டையைத் தவற விட்டதுல இருந்து. கடைசி தெரியலைன்னாப் பரவாயில்லைங்க சார். தெரிஞ்ச வரைக்கும் சொல்லுங்க."